பெரிய சர்வர் ஒன்றா, சின்ன சர்வர் இரண்டா?

சர்வர் என்ற சொல்லுக்குத் தமிழில் முதல் சொந்தக்காரர் ஓட்டல் பணியாளர்தான். 1964-ல் நாகேஷ் 'சர்வர் சுந்தர'மாக வந்து அந்த உரிமையை உறுதிப்படுத்திவிட்டார். கம்ப்யூட்டர்காரர்கள் பிறகுதான் வந்தார்கள். அகராதிக்காரர்கள் 'வழங்கி' என்று அழகாகப் பெயர் சூட்டியும் அலுவலகங்களில் சர்வர் சர்வராகவே இருக்கிறது. பொருத்தமும் இல்லாமல் இல்லை. பல மேஜைகளிலிருந்து கேட்பதை எல்லாம் எடுத்துவந்து கொடுப்பதுதான் இரண்டின் வேலையும். ஓட்டலில் ஒரு சர்வர் லீவு போட்டால் இன்னொருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த மேஜைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். மகா திறமைசாலி ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்தும் முதலாளியை ஓட்டல் தொழிலில் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் அறைகளில் நிறையவே பார்க்கலாம்.

மும்பையில் ஒரு விநியோக நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அந்தேரியில் அலுவலகம், பிவண்டியில் கிடங்கு, மொத்தம் 120 ஊழியர்கள். கணக்கு, சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், கோப்புகள் எல்லாம் மேஜைக்கடியில் முனகிக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. வாரன்டி முடிந்துவிட்டது. இனி முறையாக ஒரு ராக் வாங்கி அதில் சர்வர் வைப்பது என்று முடிவாகிறது. மூன்று விற்பனையாளர்களிடம் கொட்டேஷன் கேட்கிறார்கள். மூன்றிலும் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு பிராசஸர் கொண்ட பெரிய சர்வர் ஒன்று. விலையில் கொஞ்சம் வித்தியாசம், பெயரில் நிறைய வித்தியாசம். முதலாளி மலிவானதில் கையெழுத்துப் போடத் தயாராகிறார்.

அவர் பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும்? இன்றைய வியாபாரத்தில் இது வெறும் அசௌகரியம் அல்ல. ஆண்டு விற்பனை ரூ. 5 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு மின்-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டிப் போவதற்குப் பொதுவாக இ-வே பில் வேண்டும். சர்வர் படுத்தால் பில் இல்லை. பில் இல்லாமல் லாரி பிவண்டி கேட்டைத் தாண்டாது. மாதக் கடைசி என்றால் 120 குடும்பங்களின் சம்பளமும் சேர்ந்து நிற்கும். திட்டு வாங்கப்போவது கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவரல்ல. இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படும் இருபத்தைந்து வயது சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்.

முதலில் அலமாரியைத் தெரிந்துகொள்வோம். ராக் என்பது 19 அங்குல அகலக் கருவிகளைப் பொருத்துவதற்கான இரும்புச் சட்டம். தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து வந்த அளவு இது. உயரத்தை 'யூ' என்று எண்ணுகிறார்கள். ஒரு யூ 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். முழு ராக் 42 யூ. ஆளை விட உயரம். அகலமும் உயரமும் உலகம் முழுவதும் ஒன்றுதான் என்பதால் எந்தக் கம்பெனி சர்வரும் எந்த ராக்கிலும் நுழையும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆழம் அப்படி அல்ல. கேபிள் கருவிகளுக்காகச் செய்த 600 மில்லிமீட்டர் ஆழ அலமாரியை மலிவாக வாங்கி வைத்துவிட்டு, அதைவிட நீளமான சர்வர் வந்ததும் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டும் அலுவலகங்கள் உண்டு. சர்வருக்கான ராக் குறைந்தது 1,000 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு யூவா, இரண்டு யூவா? பிராசஸரும் நினைவகமும் இரண்டிலும் ஒரே வகைதான். தட்டையான ஒரு யூ பெட்டியில் சுமார் 40 மில்லிமீட்டர் விசிறிகளைத்தான் பொருத்த முடியும். சின்ன விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமானால் அசுர வேகத்தில் சுழல வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசிறி இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும் என்பது விசிறிகளின் பொது விதி, சத்தமும் ஏறும். இரண்டு யூ பெட்டியில் பெரிய விசிறிகள் நிதானமாகச் சுற்றும். டிஸ்க்குகளுக்கும் பிற்காலத்தில் சேர்க்கவேண்டிய கார்டுகளுக்கும் இடம் இருக்கும். நவி மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் யூ கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு ஒரு யூ சர்வர் லாபம். சொந்த அறையில் 42 யூ ராக்கில் 36 யூ காலியாகக் கிடக்கும் நமது அந்தேரி நிறுவனத்துக்கு இடத்தை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

'பிளேடு' சர்வர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. ஹெச்பி 2006-ல் கொண்டுவந்த சி7000 என்ற கூடு புகழ்பெற்றது. 10 யூ உயரத்தில் 16 சர்வர்களைப் புத்தகங்கள் போல் அடுக்கலாம். பதினாறையும் நிரப்பப்போகிற வங்கிக்கு அது சரி. இரண்டு சர்வர் வேண்டியவருக்கு, இரண்டு பேர் பயணம் செய்ய பஸ் வாங்குவது போலாகும். கூட்டுக்குள் போகும் பிளேடும் அந்தக் கம்பெனியிடமேதான் வாங்க வேண்டும். கூட்டை விற்பதை அவர்கள் நிறுத்தினால் நமது அலமாரி அருங்காட்சியகப் பொருள்.

பெயருக்கு வருவோம். டெல்லின் பவர்எட்ஜ், ஹெச்பிஈயின் புரோலயன்ட், லெனோவோவின் திங்க்சிஸ்டம் மூன்றும் இந்தியாவில் பரவலாகப் புழங்குபவை. மூன்றின் வயிற்றிலும் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர். வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெயர்ப்பலகையும் நிரந்தரமல்ல. புரோலயன்ட் 1993-ல் காம்பாக் கம்பெனியில் பிறந்தது. 2002-ல் ஹெச்பிக்குப் போனது. 2015-ல் ஹெச்பி இரண்டாகப் பிரிந்தபோது ஹெச்பிஈயின் பங்கில் வந்தது. ஐபிஎம் என்று நம்பி இன்டெல் பிராசஸர் சர்வர் வாங்கியவர்கள் 2014-ல் லெனோவோவின் வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். பெயரைவிட, நமது ஊரில் பழுது பார்க்க யார் வருவார், எத்தனை மணியில் வருவார் என்பதே முக்கியம்.

கொட்டேஷனில் பெரிய பணம் ஒளிந்திருப்பது இரும்பில் அல்ல, லைசென்ஸில். விண்டோஸ் சர்வருக்கு 2016 பதிப்பு முதல் பிராசஸரின் 'கோர்' கணக்கில் காசு. ஒரு கோர் என்பது ஒரு மூளை மாதிரி. சர்வரில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16-க்குக் கட்டியே ஆகவேண்டும். அப்படி எல்லாக் கோர்களுக்கும் ஒரு சுற்று கட்டினால், ஸ்டாண்டர்ட் பதிப்பில் இரண்டு மெய்நிகர் சர்வர்கள் ஓட்டலாம். நான்கு வேண்டுமானால் இன்னொரு சுற்று கட்ட வேண்டும்.

நமது நிறுவனத்துக்கு நான்கு மெய்நிகர் சர்வர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் சொல்லும் பெரிய சர்வரில் பிராசஸருக்கு 32 வீதம் 64 கோர். இரண்டு சுற்றுக்கு 128 கோர் லைசென்ஸ். அதற்குப் பதில் 16 கோர் கொண்ட ஒற்றைப் பிராசஸர் சர்வர் இரண்டு வாங்கினால்? ஒன்று படுத்தாலும் மற்றது நான்கையும் சுமக்க வேண்டும் என்பதால் இரண்டுக்குமே இரண்டு சுற்று கட்டுவோம். மொத்தம் 64 கோர். துணைக்கு ஒரு சர்வர் இருந்தும் லைசென்ஸ் செலவு சரிபாதி. 120 பேரின் கணக்குக்கும் கோப்புக்கும் 16 கோர் பொதுவாகத் தாராளம். கோருக்குத்தான் காசு என்றால் கோர் குறைவாகவும் ஒவ்வொன்றும் வேகமாகவும் உள்ள பிராசஸரைத் தேர்ந்தெடுப்பதே கெட்டிக்காரத்தனம். ஏஎம்டி 2017-ல் எபிக் வரிசையைக் கொண்டுவந்தது முதல் ஒற்றைப் பிராசஸர் சர்வர்களை யாரும் ஏழை வீட்டுப் பெண்ணாகப் பார்ப்பதில்லை.

தாராளமா இல்லையா என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. விண்டோஸிலேயே பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் என்ற கருவி இலவசமாக இருக்கிறது. பழைய சர்வரில் அதை ஒரு மாதம் ஓடவிட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாளிலும் சம்பள நாளிலும் பிராசஸர் எவ்வளவு திணறியது என்று பாருங்கள். பெரும்பாலும் திணறுவது பிராசஸராக இருக்காது. டிஸ்க்காகவோ நினைவகமாகவோ இருக்கும். 2025 கடைசியில் நினைவக விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை அறிவு மையங்கள் வாங்கிக் குவித்ததுதான் காரணம். எனவே நினைவகத்தையும் அளந்துதான் வாங்க வேண்டும். பின்னால் சேர்க்கக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருளிலும் ஒரு பாடம் இருக்கிறது. பல ஆண்டுகளாக விஎம்வேர்தான் அந்தத் துறையின் ராஜா. ஒருமுறை வாங்கினால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான், அதுவும் கோர் கணக்கில் என்றார்கள். பெரிய பிராசஸர் வாங்கியவர்களுக்குப் பெரிய பில். விண்டோஸ் லைசென்ஸோடு வரும் ஹைப்பர்-வியும், லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் பிராக்ஸ்மாக்ஸும் மாற்று வழிகள்.

அடுத்த பெரும் செலவு மின்சாரம். சராசரி 400 வாட் இழுக்கும் ஒரு சர்வரைக் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே 3,504 யூனிட். சர்வர் தின்னும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளியே வருகிறது. அதை விரட்ட ஏசி வேண்டும். யூபிஎஸ்சிலும் கொஞ்சம் விரயமாகும். இரண்டுக்கும் சேர்த்து முக்கால் பங்கு கூட்டினால் 6,132 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ரூ. 61,320. ஐந்தாண்டில் ரூ. 3,06,600. இந்த வரி எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. இங்கே இரண்டு சர்வர் யோசனைக்கு எதிரான நியாயமும் இருக்கிறது. இரண்டு பெட்டிகள் ஒன்றைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். அந்தக் கூடுதலை இன்ஷூரன்ஸ் பிரீமியமாகக் கருத வேண்டும். அறையைக் காஷ்மீராக்காமல் இருந்தாலே அதில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்பது அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. 16 டிகிரியில் வைத்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போவது சர்வருக்குச் செய்யும் மரியாதை அல்ல, மின்வாரியத்துக்குச் செய்யும் தானம். ஏசியும் ஒன்றுக்கு இரண்டாக, முறை வைத்து ஓட வேண்டும்; ராக்கின் தலைக்கு மேல் மாட்டக்கூடாது. நீர் சொட்டாத ஏசி இல்லை.

நல்ல சர்வர்களில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். ஆனால் இரண்டு கம்பிகளையும் ஒரே யூபிஎஸ்சில் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஏராளம். அந்த யூபிஎஸ் போனால் இரண்டு பவர் சப்ளையும் சேர்ந்தே போகும். தனித்தனி யூபிஎஸ் வேண்டும். மின்தடை நீண்டால் பாட்டரி தீர்வதற்கு முன் சர்வரைத் தானாக மூடும் ஏற்பாடும் வேண்டும். மும்பையில் மின்சாரமே போகாது என்று பெருமைப்பட்டவர்கள் 2020 அக்டோபர் 12 அன்று காலை மின்கட்டமைப்பு பழுதாகி நகரமே நின்றதைப் பார்த்தார்கள். சர்வரைக் கீழ்த்தளத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு 2005 ஜூலை 26-ஐ நினைவூட்டினால் போதும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர்.

சரி, இரண்டு சர்வர் வாங்கிவிட்டோம். உடனே விற்பனையாளர் இன்னொரு யோசனை சொல்வார்: "இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வைத்துவிடலாம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு சர்வரும் அந்த ஒரே பெட்டியை நம்பி நின்றால் பழைய கதைதான்: அது படுத்தால் எல்லாம் படுக்கும். நடுத்தர நிறுவனத்துக்கு எளிய வழி, ஒவ்வொரு சர்வரிலும் சொந்த டிஸ்க்குகள் வைத்து, ஒன்றில் நடப்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மற்றதுக்குப் பிரதி எடுப்பது. ஹைப்பர்-வியில் அந்த வசதி தனி விலையின்றியே இருக்கிறது. விபத்து நேர்ந்தால் சில நிமிட வேலை இழப்பு; ஒரு நாள் முழுவதும் அல்ல.

டிஸ்க்குகளை ரெய்டு முறையில் இணைப்பதும், சர்வருக்குச் சர்வர் பிரதி எடுப்பதும் பாக்கப் ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் பறிக்கும் வைரஸ் ஒரு சர்வரில் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே அக்கறையாகப் பிரதியாகிவிடும். தனியாக, நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து வைக்கக்கூடிய பாக்கப் ஒன்று, ஊரில் வேறொரு இடத்தில் ஒன்று என்று இருக்க வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் தங்கள் கணக்கேடுகளை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி பாக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் கம்பெனி விதிகளே திருத்தப்பட்டுவிட்டன.

பிறகு சர்வீஸ். 'அடுத்த வேலை நாள்' என்ற வாரன்டியை ஆற அமரப் படியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு மதர்போர்டு போனால், அடுத்த வேலை நாள் என்பது திங்கட்கிழமை. நான்கு மணி நேர சர்வீஸுக்கு விலை அதிகம். இரண்டு சர்வர் இருந்தால் அந்த விலையைக் கொடுக்காமலே திங்கட்கிழமை வரை பொறுக்கலாம். ஒற்றைச் சர்வர்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பழுதான டிஸ்க்கை வாரன்டியில் மாற்றும்போது பழையதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போகும். அதில் நமது சம்பளப் பட்டியல் இருக்கும். டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு சிறு தொகை கட்டலாம் என்பதை விற்பனையாளர் கேட்டால்தான் சொல்வார். அறைக்குப் போகாமலே சர்வரை இயக்க உதவும் ஐடிராக், ஐலோ போன்ற வசதிகளும் அப்படித்தான். திரையையே வீட்டிலிருந்து பார்க்க மேல்நிலை லைசென்ஸ் வேண்டும். அதை மிச்சம் பிடித்தால், இரவு இரண்டு மணிக்கு அந்த இளைஞர் டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். வாரன்டி முடிந்த பிறகு ஃபர்ம்வேர் திருத்தங்கள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஹெச்பி 2014-ல் புரோலயன்ட்டுக்கு அவற்றில் முக்கியமானவற்றை வாரன்டியோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது.

சொந்த சர்வரே எதற்கு, கிளவுடில் வாடகைக்கு எடுக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அமேசான் 2016-லேயே மும்பையில் கடை போட்டுவிட்டது. திடீரென்று வேலை பெருகி மறுமாதம் சுருங்கும் தொழிலுக்கு வாடகை நல்லது. இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே சீராக ஓடும் கணக்கு வேலைக்கு ஐந்தாண்டு வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பாக்கப்பை மட்டும் அங்கே அனுப்புவது பலருக்கு நடுவழியாக அமையும்.

கடைசியாக, பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள். தொகையில் பத்து சதவீதம் சோதனைக்குப் பிறகே தரப்படும் என்பது அந்த வரி. எல்லாம் பொருத்தி முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை, விற்பனையாளரின் எஞ்ஜினியரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஒன்றின் இரண்டு மின்கம்பிகளையும் உருவுங்கள். பிவண்டிக்கு போன் போட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள். அரை மணிக்குள் பில் வந்தால் பாக்கியைக் கொடுத்து அனுப்பலாம். வராவிட்டால், அது லாரி வாசலில் நிற்காத ஒரு மாலையில் தெரியவந்ததே என்று சந்தோஷப்படலாம்.